மஞ்சள் பொத்தானின் மறுமுனை

மதியம் ஒன்று ஐந்துக்கு இவள் சட்டை மாற்றிக்கொள்கிறாள். காலர் வைத்த வெளிர்நீலச் சட்டை, கழுத்துவரை பொத்தான், வாரிய தலையில் ஒரு கிளிப். இடுப்புக்குக் கீழே காலையில் எழுந்தபோது இருந்த அதே பூப்போட்ட பைஜாமா, முட்டியருகே பற்பசைக் கறையோடு. படுக்கையறை அலமாரியின் வெள்ளைக் கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, எதிரே புத்தக அடுக்கின்மேல் போனைச் சாய்த்து வைக்கிறாள். கேமராவில் பார்த்தால் எந்த அலுவலகத்துச் சுவராகவும் இருக்கலாம். ஒன்று பத்துக்கு அப்பா வீடியோவில் வருவார். ஒரு நிமிடம் முன்னே பின்னே கிடையாது. வெளியூரில் தனியாக இருக்கும் அந்த மனிதர் முப்பத்தோரு வருடம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவர்.

"சாப்ட்டியா பாப்பா?"

"இப்பதாம்ப்பா பிரேக் விட்டாங்க. இனிமேதான்."

பாப்பாவுக்கு வயது முப்பத்தெட்டு. வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. தெரிய வேண்டியவர்கள் எல்லாருக்கும் தெரியும், அப்பாவைத் தவிர.

லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டால் அமுக்குவதற்கு ஒரு மஞ்சள் பொத்தான் இருக்குமே, அதன் மறுமுனையில் ஒரு குரல் வரும். ஒன்பது வருடம் அந்தக் குரல் இவள்தான். "உள்ள எத்தன பேர் இருக்கீங்க? யாருக்காவது உடம்பு முடியலையா? கதவ நீங்களா திறக்கப் பாக்காதீங்க. ஆள் கிளம்பிட்டாங்க, நான் லைன்லயேதான் இருக்கேன்." மெக்கானிக் வந்து சேரும்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. சொல்வதற்குச் சுலபம். இரட்டைக் கட்டில் மெத்தையோடு ஏறி, மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் நாற்பது நிமிடம் நசுங்கி நின்ற ஒருவரிடம் இவள் தலையணை பற்றியே பேசிக் கரையேற்றியிருக்கிறாள். வக்கீலிடம் விவாகரத்து பேசிவிட்டு இறங்கிய கணவன் மனைவி இரண்டு மாடிக்கு நடுவே சிக்கியபோது, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று முறை வைத்துச் சண்டை போடவைத்ததும் இவள்தான். கதவு திறந்தபோது அந்த மனைவிக்கு இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருந்ததாம்.

பிறகு கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் குரலை வாங்கிப் போட்டது. கண்ட்ரோல் ரூமில் இருந்த பதினோரு பேரில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்கள் கையில் பூங்கொத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் குரலுக்குப் பேசக் கற்றுத்தர இவளுடைய பழைய அழைப்புகளைத்தான் போட்டுக் காட்டினார்களாம். "நல்லா பேசினா வேல நிலைக்கும்னு நெனச்சேன். கொஞ்சம் ஓவரா நல்லா பேசிட்டேன் போல," என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து பூங்கொத்தைத் துணி துவைக்கும் வாளியில் போட்டு மூடி வைத்தவளும் இவள்தான்.

தொழில் போனாலும் வாய் போகவில்லை. கூடவே வாழும் துணைவி குளியலறையில் அரைமணி நேரம் ஆக்கினால் கதவுக்கு வெளியே நின்று, "உள்ள எத்தன பேர் இருக்கீங்க?" என்று கேட்பாள். இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்று புகார் சொல்லப் போன் போட்டால், எதிர்முனையில் இருக்கும் பெண்ணுக்கு இவள் ஆறுதல் சொல்லிவிட்டு வைப்பாள். "பாவம், அவ சூப்பர்வைசர் சரியில்ல," என்பாள். இன்டர்நெட் மறுநாள்தான் வரும்.

துணைவி ஒரு பல் ஆய்வுக்கூடத்தில் பல்செட் செய்பவள். இந்த ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு தன் கைவேலை என்பது அவளுடைய பெருமை. எட்டு வருடமாக ஒன்றாக இருக்கிறார்கள். வீட்டுக்காரம்மா இவர்களை அக்கா தங்கை என்று முடிவு கட்டிவிட்டார். இல்லை என்று இரண்டு முறை விளக்கியும், "மூக்கு அப்படியே உரிச்சு வெச்சிருக்கு," என்று ஒரே பிடியாக நிற்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு நகக்கண்ணில் வெள்ளைப் பொடியோடு உள்ளே நுழையும் துணைவியின் முதல் கேள்வி, "என்ன மேடம், இன்னிக்கு ஆபீஸ் எப்படி?"

அந்தக் கேள்வியில் கிண்டல் பாதிதான். ஏனென்றால் இவளுக்கு ஆபீஸ் இருக்கிறது. இணையத்தில் ஒரு குழு. நாலாயிரம் பேர் சேர்ந்து, இல்லாத ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பதாகப் பாவனை செய்கிறார்கள். என்ன தயாரிக்கிற கம்பெனி என்று யாருக்கும் தெரியாது, கேட்பதும் மரியாதை இல்லை. "மூன்றாவது மாடி பிரிண்டரில் மறுபடியும் காகிதம் சிக்கியுள்ளது. கடைசியாகத் தொட்டது யார்?" என்று ஒருவர் எழுதுவார். உடனே நாற்பது பேர் தாங்கள் அன்று லீவு என்று சத்தியம் செய்வார்கள். வேலை போன மறுவாரம் சும்மா எட்டிப் பார்க்கப் போனவள், ஐந்து மாதத்தில் இரண்டு பதவி உயர்வு வாங்கி இப்போது தளவாட மேலாளர். நிஜ ஆபீஸில் ஒன்பது வருடத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. போன மாதம் உடம்பு சரியில்லாதபோது முறையாக லீவு லெட்டர் எழுதிப் போட்டாள். கடங்காரர்கள் நிராகரித்துவிட்டார்கள்.

ஆபீஸ் வேலை குறைவாக உள்ள நேரத்தில் குளம். எங்கேயோ ஒரு குளக்கரையில் யாரோ வைத்த கேமரா, இருபத்துநாலு மணி நேரமும் நேரலை. பதினேழு பேர் பார்ப்பார்கள். ஒரு நாரை தண்ணீரில் நின்றுகொண்டே இருக்கும். இவள் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருக்கிறாள். "நாள் பூரா நிக்குது. ஒரு வேலையும் பாக்கல. ஆனா அது நகர்ந்தா எல்லாரும் பதறுறாங்க."

வேலை தேடவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. தினமும் காலை எட்டிலிருந்து பத்துவரை அதுதான். ஒரு நேர்காணலில், ஓர் அழைப்பை முடிக்கச் சராசரியாக எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டார்கள். "அவங்க வெளிய வர்ற வரைக்கும்," என்றாள். கேட்டவர் பேனாவை மூடிவிட்டார். இன்னொரு கம்பெனியின் இணைய விண்ணப்பத்தில் 'திருமணமானவரா?' என்று ஒரு கட்டம், ஆம் இல்லை இரண்டே வழி. இல்லை என்று அமுக்க விரல் வரவில்லை. ஆம் என்று அமுக்கினால் 'கணவர் பெயர்' எழுதாமல் அடுத்த பக்கம் போகாது என்று அடம்பிடித்தது. துணைவியின் பெயரையே எழுதினாள். வேலை வரவில்லை. அதற்குப் பதிலாக 'திரு' போட்டுத் துணைவிக்கு விளம்பரங்கள் வர ஆரம்பித்தன. ஐயா, உங்கள் தாடிக்கு ஏற்ற ரேசர் எது? ஐயா, வழுக்கையை நினைத்துக் கலங்காதீர்கள்! துணைவி ஒரு ரேசரை வரவழைத்தே விட்டாள். மெழுகுப் பல்லைச் சீவ அதைவிட நல்ல கத்தி கிடையாது என்கிறாள்.

இப்படி எல்லாவற்றையும் சிரித்துக் கடக்கிறவளுக்கு அப்பாவிடம் மட்டும் வாய் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், துணைவியைப் பற்றி அப்பாவிடம் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. தோழி இல்லப்பா, வாழ்க்கையே அவகூடத்தான் என்று மூன்றே நிமிடத்தில் சொல்லிவிட்டாள். அப்பா போனை வைத்தார். பத்தொன்பது நாள் பேசவில்லை. இவள் அந்தப் பத்தொன்பது நாளில் ஆறு கிலோ இளைத்தாள். இருபதாவது நாள் மதியம் ஒன்று பத்துக்கு மணி அடித்தது. "வேல இருக்குல்ல? சொந்தக் கால்ல நிக்கறல்ல? அது போதும். எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன்." அன்று தொடங்கியதுதான் இந்த ஒன்று பத்து.

சொன்னபடி பதிலும் சொன்னார். சித்தப்பா, பெரியப்பா, அத்தை வகையறா யார் எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும், "என் பொண்ணு லிஃப்ட்டு கம்பெனியில உசுரக் காப்பாத்தற வேல பாக்கறா. உன் பையன் என்ன கிழிக்கிறான்?" என்று ஒரே போடாகப் போட்டு வாயை அடைத்துவிடுவார். அந்த வேலைதான் அவர் கையில் இருந்த கேடயம். அது போய்விட்டது என்று தெரிந்தால் மனிதர் வெறுங்கையோடு நிற்பார், மறுபடியும் பத்தொன்பது நாள் ஆரம்பமாகும் என்பதுதான் இவளுடைய பயம். பெண்ணை விரும்புகிறேன் என்று சொல்ல மூன்று நிமிடம் எடுத்தவள், வேலை இல்லை என்று சொல்ல முடியாமல் ஐந்து மாதமாக முழிக்கிறாள்.

அதற்காகப் பச்சைப் பொய் சொல்லவும் மனம் வரவில்லை. அதனால் அப்பா ஆபீஸ் பற்றிக் கேட்டால் இல்லாத கம்பெனியின் நிலவரத்தைச் சொல்லிவிடுவாள். பிரிண்டர், காபி மெஷின், யாருக்கும் பேனா தராத ஸ்டோர் கீப்பர். அப்பா இதில் மூழ்கிப்போனார். "அந்த ஸ்டோர் கீப்பர் இருக்கானே, அவன்கிட்ட பேனா கேக்காத. பேனா தர முடியலைன்னு எழுதிக் குடுன்னு கேளு. எழுத அவனுக்கே பேனா வேணும்ல, எடுத்துத்தான ஆகணும்?" என்றார் ஒரு நாள். இவள் அதைக் குழுவில் போட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கைதட்டினார்கள். நிர்வாகம் கூடி, அப்பாவை 'வெளி ஆலோசகர்' ஆக நியமித்தது. அப்பாவுக்கு இந்த நியமனமும் தெரியாது.

அப்படியிருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்குப் போன் அடித்தது. நாரை அப்போதுதான் ஒரு கால் மாற்றியிருந்தது. திரையில் அப்பா. ஒன்று பத்து அல்லாத ஒரு நேரத்தில் அப்பா ஏழு வருடத்தில் ஒருமுறைகூட அழைத்ததில்லை. வீடியோ இல்லை, வெறும் குரல்தான்.

"பாப்பா, எங்க இருக்க?"

"ஆபீஸ்லப்பா. என்னாச்சு?"

"ஆபீஸ்ல எங்க? உன் சீட்டுல வேற எவளோ உக்காந்திருக்கா!"

நடந்தது இதுதான். அப்பாவுக்குக் கண் பரிசோதிக்க வேண்டும். வீட்டுக்கு எதிரிலேயே தரைத்தளத்தில் ஒரு கண்ணாடிக் கடை உண்டு. அங்கே போனால் அவர் அப்பா இல்லையே. மகள் கம்பெனி லிஃப்ட் இருக்கிறது என்பதற்காகவே இரண்டு பஸ் மாறி, ஓர் ஆறுமாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் இருக்கும் கடைக்குத்தான் போவார். ஏறியதும் உள்ளே இருக்கும் கம்பெனி பெயர்ப் பலகையைக் கைக்குட்டையால் ஒரு துடை துடைப்பார். மஞ்சள் பொத்தானை ஒரே ஒருமுறை அமுக்கிப் பார்க்க அவருக்கு ஒன்பது வருட ஆசை. "சும்மா அமுக்கக் கூடாதுப்பா" என்று இவள் கண்டித்து வைத்திருந்தாள். அன்று மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே லிஃப்ட் நின்றது. வேறு யாராக இருந்தாலும் வியர்த்திருக்கும். அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, ஆசையாக அமுக்கினார்.

"அமுக்கினேன். நல்லா மரியாதையாத்தான் ஆரம்பிச்சா. நான் அப்பா பேசறேம்மான்னேன். உள்ள எத்தன பேருங்கறா. நான் ஒருத்தன்தான், பாப்பாவக் கூப்பிடுன்னேன். குழந்தை மூச்சு விடுகிறதாங்கறா! என்னம்மா இது? நாலு தடவ சொல்லிட்டேன், திரும்பத் திரும்ப அதையே கேக்கறா. திமிரு."

பின்னணியில் அந்தக் குரல் இவளுக்கும் கேட்டது. ஆள் கிளம்பிவிட்டார்கள், நான் இணைப்பிலேயே இருக்கிறேன் என்றது. ஒவ்வொரு சொல்லுக்கும் இவள் நிறுத்துகிற இடத்தில்தான் அதுவும் நிறுத்தியது. இவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் உள்ளே மாட்டியிருப்பவர் எழுபத்திரண்டு வயது மனிதர். முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

"அப்பா, கீழ உக்காருங்க. முதுக சுவத்துல சாய்ச்சுக்குங்க. கதவுப் பக்கம் போகாதீங்க. தண்ணி பாட்டில் வெச்சிருக்கீங்களா? ஒரு வாய் குடிங்க. லைட்டு எரியுதா? காத்து வருதா?"

"ஆங்! இது பேச்சு. இதத்தான் அவகிட்ட எதிர்பாத்தேன்," என்றார் அப்பா, உட்கார்ந்த சத்தத்தோடு. "சரி, அவ உன் பக்கத்துலதான இருப்பா? போன அவகிட்ட குடு."

"அவ... வேற ரூம்லப்பா."

"பேரு என்ன? சொல்லு. முப்பத்தோரு வருஷம் பப்ளிக்கோட மல்லுக்கட்டினவன் நான். எப்படிப் புகார் எழுதணும்னு எனக்குத் தெரியும். மேனேஜருக்கு இன்னிக்கே எழுதறேன். அவள வேலைய விட்டே தூக்கணும்."

இவள் அடுத்த பொய்யைத் தேடினாள். அலமாரிக் கதவு, சட்டை, பிரிண்டர் எல்லாம் ஒரு சுற்று மனதில் வந்து போயின. எதுவும் கை கொடுக்கவில்லை.

"அவள வேலைய விட்டுத் தூக்க முடியாதுப்பா."

"ஏன்? பெரிய இடத்துப் பொண்ணா?"

"அவ பொண்ணே இல்லப்பா. கம்ப்யூட்டரு. அவள வெச்சுட்டுத்தான் என்னத் தூக்கினாங்க."

லிஃப்ட்டுக்குள் இருப்பவரை இருபது விநாடிக்குமேல் பேசாமல் இருக்கவிடக் கூடாது என்பது இவள் தொழிலின் முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான். இருபது போயிற்று. நாற்பது போயிற்று. ஒன்பது வருடத்தில் யார் யாருக்கோ தலையணை பற்றிப் பேசிய வாய், பெற்ற அப்பாவுக்கு ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்க முடியாமல் உலர்ந்து கிடந்தது. பத்தொன்பது நாள் மறுபடி தொடங்கிவிட்டது என்றே நினைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. இந்த முறை மனிதர் போனை வைத்துவிட்டு எங்கும் போக முடியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"எப்ப?" என்றார் அப்பா.

"அஞ்சு மாசமாச்சு."

"அஞ்சு மாசமா? அப்ப அந்த பிரிண்டரு?"

"இல்லப்பா."

"ஸ்டோர் கீப்பர்?"

"அவரும் இல்ல. அது இன்டர்நெட்ல ஒரு விளையாட்டுப்பா. எல்லாரும் ஆபீஸ் மாதிரி பேசிக்குவோம்."

"அடப்பாவி," என்றார் அப்பா. வேலை போனதைக் காட்டிலும் ஸ்டோர் கீப்பர் போனதுதான் அவரை அசைத்துவிட்டது போலிருந்தது. "அவன நெனச்சு நான் ரெண்டு நாள் தூங்கல தெரியுமா?"

"நீங்க சொன்ன யோசனை அங்க பெரிய ஹிட்டுப்பா. உங்கள ஆலோசகராகூட போட்டிருக்காங்க."

"என்னையா? எப்ப?"

"மூணு மாசமாச்சு."

"சொல்லவே இல்ல. சம்பளம்?"

"அங்க யாருக்கும் கிடையாதுப்பா."

அப்பா மூக்கால் ஒரு சத்தம் விட்டார். சிரிப்பா, சலிப்பா என்று பிடிபடவில்லை. பிறகு குரல் தாழ்ந்தது. "உன்கூட இருக்கற அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா, வேல போனது?"

"தெரியும்."

"எப்ப சொன்ன?"

"அன்னிக்கே. வீட்டுக்கு வந்து செருப்பக்கூட கழட்டல."

"ம். அதையாவது ஒழுங்கா பண்ணின." பிறகு, "வீடியோல வா," என்றார்.

"சட்ட மாத்தலப்பா."

"எந்தச் சட்ட?"

இவள் வீடியோவை அமுக்கினாள். லிஃப்ட் தரையில் சப்பணமிட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் பழைய கண்ணாடிக் கூடும். இவள் போட்டிருந்தது துணைவியின் டீ-ஷர்ட். கழுத்துத் தையல் விட்டுப்போய், நெஞ்சில் 'உங்கள் புன்னகை எங்கள் பொறுப்பு' என்று பல் ஆய்வுக்கூடத்தின் வாசகம். அப்பா திரையைக் கண்ணருகே கொண்டுபோய் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அந்தப் பொண்ணோடதா?"

"ஆமாம்ப்பா."

"தோள்ல தொங்குது. எளச்சுட்டியா?"

அந்தக் கேள்வியில் இவள் உடைந்துவிட்டாள். டீ-ஷர்ட்டின் கையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஐந்து மாதமாக நெஞ்சில் கனத்ததைக் கேட்டாள். "இனிமே யாராவது என்னப் பத்திக் கேட்டா நீங்க என்னப்பா சொல்லுவீங்க?"

"யாரு கேக்கறா?" என்றார் அப்பா. "உன் பெரியப்பா போய்ச் சேர்ந்தாச்சு. அத்தைக்குக் காது சுத்தமா கேக்காது. உன் சித்தப்பன் ஒருத்தன்தான் பாக்கி, அவன் பையன் போன வருஷமே வேலைய விட்டுட்டு வீட்லதான் கெடக்கான். அவன நான் ஒரு வார்த்த கேட்டேனா?" பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். "எனக்கு எவனுக்கும் பதில் சொல்ல வேண்டாம் பாப்பா. நீ அஞ்சு மாசமா தனியா முழுங்கிட்டு இருந்திருக்கியே, அதான் தாங்கல. மொதல்லேருந்து சொல்லு. அன்னிக்குக் காலையில ஆபீஸுக்குப் போன, உள்ள கூப்பிட்டாங்க. அப்புறம்?"

இவள் சொல்ல ஆரம்பித்தாள். கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டது, பூங்கொத்து, வாளி, பேனாவை மூடியவர், 'திரு' போட்டு வந்த ரேசர். ரேசருக்கு அப்பா வாய்விட்டே சிரித்தார். அடுத்த நேர்காணல் வெள்ளிக்கிழமை, ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில், பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னால் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. கதவு அரையடி விலகியது, பிறகு முழுதாகத் திறந்தது. வெளிச்சத்தில் ஒரு தொப்பியும், எண்ணெய்க் கறை படிந்த ஒரு கையும் தெரிந்தன.

"ஐயா, ஒண்ணும் இல்ல, எல்லாம் சரியாயிடுச்சு. கையப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வெளிய வாங்க," என்றார் மெக்கானிக்.

அப்பா அந்தக் கையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கிடம், பொறு என்பதுபோல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, சப்பணத்தைக் கலைத்துக் கால்களை நன்றாக நீட்டி, லிஃப்ட் சுவரில் இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.